அணுவுக்குள் ஒரு நூற்றாண்டு: முப்பது ஆண்டு நின்ற நிரூபணம்

சென்ற அத்தியாயத்தில், 1927-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஐந்தாவது சால்வே மகாநாட்டையும், அங்கே ஐன்ஸ்டைனுக்கும் நீல்ஸ் போருக்கும் இடையே நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களையும் விரிவாகக் கண்டோம். அவ்விரு பெரியோர்களின் விவாதம் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டபடியால், அதே மகாநாட்டில் முப்பத்தைந்து வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவர் சபையின் முன் சமர்ப்பித்த மூன்றாவது சித்தாந்தம் ஒன்று உண்டு என்பதைச் சரித்திர நூல்கள் பலவும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்தச் சித்தாந்தம் எவ்வாறு மறைந்தது, கால் நூற்றாண்டுக்குப் பிறகு எவ்வாறு மீண்டும் தலைதூக்கிற்று, இடைப்பட்ட காலத்தில் அதன்மேல் பூட்டப்பட்டிருந்த பூட்டு எத்தகையது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1925-இல் ஹெய்சன்பர்க் தொடங்கி வைக்க, பார்னும் யோர்டானும் உடனிருந்து வளர்த்த அணிக் கணிதமும், 1926-இல் ஷ்ரோடிங்கர் வகுத்த அலைச் சமன்பாடும் ஒன்றுக்கொன்று சமானமானவை என்பது வெகு சீக்கிரத்திலேயே தெரிந்துவிட்டது. அலையின் வீச்சை வர்க்கித்தால் துகளை ஓரிடத்தில் காண்பதற்குரிய நிகழ்தகவு கிடைக்கும் என்று அதே ஆண்டில் மாக்ஸ் பார்ன் கூறியதும் பரிசோதனைகளோடு பிசகின்றிப் பொருந்திற்று. ஆகவே கணக்கில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அந்தக் கணக்கு எதைப் பற்றியது என்பதில்தான் பேதம். குறள் என்னும் மூலம் ஒன்றே ஆயினும் அதற்குப் பதின்மர் உரை கண்டனர் என்பதும், அவற்றுள் பரிமேலழகர் உரை ஓங்கி நின்றதால் மற்றவை நெடுங்காலம் அதன் நிழலில் இருந்தன என்பதும் நம்மவர் அறிந்தவை. குவாண்டம் பௌதிகத்திலும் ஒரு மூலத்துக்குப் பல உரைகள் எழுந்தன. அவற்றுள் நீல்ஸ் போரும் அவரைச் சூழ்ந்திருந்தவர்களும் கண்ட கோபன்ஹேகன் உரை ஓங்கி நின்றது. ஆனால் பரிமேலழகர் தம் உரையைத் தவிர வேறோர் உரை இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டதாக எவரும் சொன்னதில்லை. இங்கேயோ, அத்தகைய நிரூபணமே கையில் இருப்பதாக ஒரு தலைமுறை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது.

பிரஸ்ஸல்ஸில் எழுந்து நின்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் லூயி டி பிராய். பிரபு குலத்தில் பிறந்தவர். ஒளிக்கு மட்டுமன்றிப் பருப்பொருளுக்கும் அலைத்தன்மை உண்டென்று 1924-இல் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சியிலேயே கூறி, ஐன்ஸ்டைனின் பாராட்டைப் பெற்றவர். அலையா, துகளா என்று மற்றவர்கள் மயங்கி நின்ற இடத்தில், இரண்டும் உண்டு என்பதே அவருடைய விடை. எலெக்ட்ரான் எப்போதும் ஏதோ ஓரிடத்தில் இருக்கிற துகள்தான்; அதனோடு கூடவே ஓர் அலையும் பரவிச் செல்கிறது; துகள் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை அந்த அலையே நிர்ணயிக்கிறது. இரண்டு துளைகள் கொண்ட தடுப்பை நோக்கி எலெக்ட்ரானைச் செலுத்தினால், துகள் ஏதேனும் ஒரு துளை வழியாகவே போகும். அலையோ இரண்டு துளைகளின் வழியாகவும் புகுந்து, அப்பால் தன்னோடு தானே கலந்து, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அழிந்தும் நிற்க, அந்த அலையின் போக்கிலேயே செல்லும் துகள், அலை அழிந்த இடங்களை அணுகாமல் வலுத்த இடங்களில் போய்ச் சேரும். புறப்பட்ட இடத்தை நாம் துல்லியமாக அறிய முடியாமையினாலேயே நிகழ்தகவு பேச நேர்கிறதேயன்றி, இயற்கை தன் போக்கில் தற்செயலாக ஒன்றும் செய்வதில்லை.

இவ்வளவு தெளிவான சித்திரத்தை அந்தச் சபை ஏற்கவில்லை. அன்று இருபத்தேழு வயதே ஆகியிருந்த பௌலி, துகள் ஒன்று சுழலும் பொருளொன்றின்மீது மோதிச் சிதறும் நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, அங்கே டி பிராயின் சித்தாந்தம் சரியான விடையைத் தராது என்று ஆட்சேபித்தார். டி பிராய் சொன்ன சமாதானம் சரியான திசையிலேயே சென்றது என்பது இன்று தெரிகிறது; ஆனால் அன்று அது ஒருவரையும் திருப்திப்படுத்தவில்லை, அவரையுமே முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. ஐன்ஸ்டைனும் அவருக்குத் துணை நிற்கவில்லை. ஊர் திரும்பிய டி பிராய், அடுத்த ஆண்டே தம் கருத்தைக் கைவிட்டு, கோபன்ஹேகன் உரையையே மாணவர்களுக்குப் போதிக்கலானார். நோபல் பரிசு 1929-இல் அவரைத் தேடி வந்தது, அலைகளுக்காக. வழிகாட்டும் அலைக்காக அன்று.

டி பிராய் பின்வாங்கியது ஒரு தனிமனிதரின் தயக்கம். அவர் விட்ட வழியில் இனி எவருமே போகவேண்டியதில்லை என்ற எண்ணம் பரவியதற்குக் காரணம் வேறு. 1932-இல் பெர்லின் நகரின் ஸ்பிரிங்கர் நிறுவனம், குவாண்டம் இயக்கவியலின் கணித அடிப்படைகளைப் பற்றிய ஜெர்மன் நூல் ஒன்றைப் பிரசுரித்தது. ஆசிரியர் ஜான் வான் நாய்மன், புடாபெஸ்ட்டில் பிறந்தவர், வயது இருபத்தெட்டு, அந்த வயதிலேயே கணித உலகம் அவரை ஓர் அற்புதமாகக் கருதிற்று. எலெக்ட்ரானின் நடத்தையை முழுதும் நிர்ணயிக்கிற, ஆனால் நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத மறைந்த மாறிகள் சில உண்டென்றும், அவற்றை அறியாமையே நிகழ்தகவுக்குக் காரணமென்றும் ஒருவர் கூற வருவாரானால், அத்தகைய மாறிகள் குவாண்டம் இயக்கவியலின் கணிதத்தோடு ஒத்துவாழ முடியாதவை என்று அந்நூலில் ஒரு நிரூபணம் இருந்தது. டி பிராயின் துகள் இருக்கும் இடமே அப்படிப்பட்ட மறைந்த மாறிதான். ஆக, பௌலியின் ஆட்சேபம் வேண்டியதே இல்லை. வான் நாய்மனே கதவைச் சாத்திவிட்டார் என்று விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நூல் 1955 வரையில் ஆங்கிலத்தில் வரவில்லை. கணிதமோ கடினமானது. மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டிய நிலைமை ஏற்பட்டது.

படித்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். க்ரேட்டெ ஹெர்மன் என்னும் அந்த அம்மையார் 1901-இல் பிரேமன் நகரில் பிறந்து, கோட்டிங்கன் சர்வகலாசாலையில் எமி நோய்தரிடம் கணிதம் பயின்று டாக்டர் பட்டம் பெற்று, பின்பு தத்துவ சாஸ்திரத்துக்குத் திரும்பியவர். காரணமின்றிக் காரியம் இல்லை என்ற காண்ட்டின் கொள்கையில் ஊன்றி நின்றவராதலால், அணுவுலகில் அந்தக் கொள்கை செல்லாது என்று பௌதிகர்கள் சொல்வதை அவர்களிடமே நேரில் கேட்டு வாதிப்பது என்று தீர்மானித்து, 1934-இல் லைப்ஸிக் நகருக்குச் சென்று ஹெய்சன்பர்க்கின் வட்டத்தில் சேர்ந்தார். வந்தவரை ஹெய்சன்பர்க் மரியாதையோடு வரவேற்றார். அந்த வட்டத்தைச் சேர்ந்த வைட்ஸாக்கரோடு அவருக்கு நீண்ட விவாதங்கள் நடந்தன. அந்த விவாதங்களின் பயனாக 1935-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், வான் நாய்மனின் நிரூபணத்தை வரிவரியாகப் பரிசீலித்து, அது நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி அனுமானித்துக்கொள்கிறது என்று எடுத்துக்காட்டினார்.

குறை எங்கே இருந்தது என்பதைப் பிற்காலத்தில் ஜான் பெல் என்னும் பௌதிகர் காட்டிய ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. அதைக் கிழக்கு நோக்கி அளந்தாலும், வடக்கு நோக்கி அளந்தாலும், தக்க அலகில் விடை +1 அல்லது −1. இடைப்பட்ட விடை கிடையாது. இவ்விரண்டு திசைகளின் தற்சுழற்சிகளைக் கூட்டிய தொகை என்ற ஒரு பௌதிக அளவும் உண்டு. கருவியை வடகிழக்காகத் திருப்பி வைத்து அதை அளக்கலாம். அதன் விடை +1.414 அல்லது −1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். பல்லாயிரம் எலெக்ட்ரான்களை அளந்து சராசரி எடுத்தோமானால், கிழக்குச் சராசரியையும் வடக்குச் சராசரியையும் கூட்டினால் தொகையின் சராசரி வந்துவிடும். இது குவாண்டம் இயக்கவியலின் ஓர் அழகான உண்மை. வான் நாய்மன் இந்த உண்மையை, மறைந்த மாறிகள் முழுதும் தெரிந்த நிலைமைக்கும் பொருந்துவதாக வைத்துக்கொண்டார். ஆனால் அந்த நிலைமையில் சராசரி என்பதே ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் உரிய தனி விடை அல்லவா? ஒன்றும் ஒன்றும் கூடினால் இரண்டு. ஒன்றும் கழித்தல் ஒன்றும் கூடினால் சூனியம். எப்படிக் கூட்டினாலும் 1.414 வராது. உடனே, மறைந்த மாறிகள் இருக்க முடியாது என்ற முடிவு கிடைத்துவிடுகிறது. வடகிழக்காகத் திருப்பிய கருவி செய்வது வேறொரு பரிசோதனை. அதன் விடை மற்ற இரண்டு பரிசோதனைகளின் விடைகளைக் கூட்டிய தொகையாக ஒவ்வொரு தடவையும் இருந்தே தீர வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சராசரிகள் கூடுவது வேறு, தனித்தனி விடைகள் கூடுவது வேறு. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய இந்த வேறுபாட்டைக் கவனியாமையின் மீதுதான் அவ்வளவு பெரிய தீர்ப்பு நின்றது.

ஹெர்மன் அம்மையார் மறைந்த மாறிகளை ஆதரித்தவரும் அல்லர் என்பதைக் குறிப்பிடவேண்டும். குவாண்டம் இயக்கவியலிலேயே காரணகாரியத் தொடர்பு போதிய அளவு அடங்கியிருக்கிறது என்பதே அவர் தம் சொந்தக் கட்சி. தமக்கு வேண்டாத ஒரு கொள்கைக்கும் நியாயம் வழங்கியதனால் அவருடைய நேர்மை நம் மனத்தில் இன்னும் உயர்ந்து நிற்கிறது. வான் நாய்மன் உரிமை பாராட்டியது மற்றவர்கள் அவர் பெயரால் உரிமை பாராட்டிய அளவுக்கு விரிந்ததன்று என்று அண்மைக் கால ஆராய்ச்சியாளர் சிலர் வாதிக்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அன்று பரவிய எண்ணம் விரிந்த எண்ணமே. ஹெர்மனின் கட்டுரையோ பௌதிகர்கள் கையில் எடுக்காத ஒரு தத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த குழுவில் ஈடுபட்டிருந்த அவர் 1936-இல் தாய்நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. ஹெய்சன்பர்க்கின் வட்டத்துக்குள் அந்தக் கட்டுரையின் வாதம் தெரிந்தே இருந்தது. தெரிந்தவர்கள் அதை வெளியே உரக்கச் சொல்லவில்லை; இந்தக் குற்றத்தை வரலாறு மறைக்கக் கூடாது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். பென்ஸில்வேனியா மாகாணத்தில் 1917-இல் பிறந்த டேவிட் போம், ஓப்பன்ஹைமரின் மாணவர். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஆசிரியர். கோபன்ஹேகன் உரையை மனமொப்பி விளக்கும் சிறந்த பாடநூல் ஒன்றை அவர் 1951-இல் வெளியிட்டார். மறைந்த மாறிகளுக்கு எதிரான வாதமும் அதில் இருந்தது. நூலைப் படித்த ஐன்ஸ்டைன், அதே ஊரில் இருந்தவராதலால், அவரை அழைத்துப் பேசினார். கோபன்ஹேகன் உரையை இவ்வளவு தெளிவாக எழுதிய பின்னும், எழுதியதனாலேயே, அதில் தமக்குத் திருப்தி இல்லை என்பதைப் போம் அப்போது உணரலானார். சில மாதங்களுக்குள்ளேயே, முடியாது என்று எல்லாரும் சொன்னதை அவர் செய்து முடித்தார்.

அந்த மாதங்கள் அவருக்கு எத்தகையவை என்பதையும் அறிய வேண்டும். இளமையில் சிறிது காலம் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர் என்பதற்காக 1949-இல் அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. நண்பர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல அவர் மறுத்தார். 1950 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். 1951 மே மாதத்தில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆயினும் சர்வகலாசாலை அவருடைய உத்தியோகத்தைப் புதுப்பிக்கவில்லை. ஐன்ஸ்டைன் முதலியோரின் சிபாரிசின் பேரில் பிரேஸில் தேசத்து ஸாவ் பாவ்லோ நகரில் வேலை கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த நிலையில்தான், 1952 ஜனவரி 15-ஆம் தேதியிட்ட பிஸிக்கல் ரிவ்யூ இதழில் அவருடைய இரண்டு கட்டுரைகளும் வெளிவந்தன. டி பிராயின் கருத்தையே, அவர் முன்னம் சொன்னது தெரியாமல் தாமாகவே கண்டடைந்து, அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் கொண்டுசென்று, பௌலியின் பழைய ஆட்சேபத்துக்கும் நேரான விடை கூறி, அளவீடு என்ற நிகழ்ச்சியையும் உள்ளடக்கி, குவாண்டம் இயக்கவியலின் விடைகள் அனைத்தும் துகள்களின் திட்டமான பாதைகளிலிருந்தே கிடைக்கும் என்று போம் காட்டினார். முடியாது என்பதற்கு நிரூபணம் இருக்க, முடிந்துவிட்ட காரியமும் கண்முன் இருந்தது. இரண்டில் ஒன்று தவறாகவே இருக்க வேண்டும்.

வியப்பு என்னவென்றால், அந்த முரண்பாடு பௌதிக உலகின் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. பௌலியும் மற்றவர்களும் இது தேவையற்ற தத்துவம் என்றார்கள். டி பிராய் மட்டும் மகிழ்ந்து, தாம் கைவிட்ட குழந்தையை மீண்டும் எடுத்துக்கொண்டார். ஐன்ஸ்டைனோ, மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வழி தமக்கு மலிவாகத் தோன்றுகிறது என்று குறிப்பிட்டார். அவருக்கு உறுத்திய விஷயம் எதுவென்று ஊகிப்பது கடினமன்று. போமின் சித்தாந்தத்தில், ஒரே அலையால் பிணைக்கப்பட்ட இரண்டு துகள்கள் எவ்வளவு தூரம் விலகிச் சென்றாலும், ஒன்றின் வேகம் அந்தக் கணத்தில் மற்றது இருக்கும் இடத்தைப் பொறுத்திருக்கிறது. தொலைவிலுள்ளது இங்குள்ளதை உடனுக்குடன் பாதிப்பதென்பது ஐன்ஸ்டைன் ஒருபோதும் சகிக்காத விஷயம். 1935-இல் பொடோல்ஸ்கி, ரோஸன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரையே அந்த வெறுப்பின்மேல்தான் எழுந்தது.

போமின் கட்டுரைகளைப் படித்துத் திகைத்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜான் பெல், 1928-இல் பெல்பாஸ்ட் நகரின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிள்ளைகளில் அவர் ஒருவரையே பதினான்கு வயதுக்கு மேல் படிக்க வைக்க அந்தக் குடும்பத்தால் முடிந்தது. பதினாறு வயதில், தாம் பின்னர் மாணவராகச் சேரவிருந்த குவீன்ஸ் சர்வகலாசாலையின் பௌதிகப் பரிசோதனைக்கூடத்திலேயே உதவியாளாக ஓராண்டு வேலை பார்த்தார். மாக்ஸ் பார்ன் எழுதிய நூலொன்றில் வான் நாய்மன் நிரூபணத்தைப் பற்றிப் படித்து, அந்த விஷயம் தீர்ந்துவிட்டது என்று ஒதுக்கியிருந்த பெல்லுக்கு, போமின் கட்டுரைகள் முடியாததை முடித்துக்காட்டின. அவருக்கு ஜெர்மன் தெரியாது. ஹார்வெல் நிலையத்தில் உடன் வேலை பார்த்த மாண்டலுக்குத் தெரியும். வான் நாய்மன் உண்மையில் என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டறிந்து, அனுமானம் பொருந்தாத இடத்தைப் பெல் கண்டுகொண்டார். ஆயினும் வயிற்றுப்பாட்டுக்குத் துகள்முடுக்கி எந்திரங்களை வகுக்கும் வேலை இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஜெனீவாவிலுள்ள செர்ன் நிலையத்திலிருந்து விடுப்புப் பெற்று அமெரிக்கா சென்றிருந்த 1964-இல்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

அவர் எழுதியவை இரண்டு கட்டுரைகள். முதலாவது, வான் நாய்மன் நிரூபணத்தின் குறையை எடுத்துக்காட்டிவிட்டு, போமின் சித்தாந்தத்தில் காணும் அந்தத் தொலைவுப் பிணைப்பு எல்லா மறைந்த மாறிச் சித்தாந்தங்களுக்கும் தவிர்க்க முடியாததா என்ற வினாவோடு முடிகிறது. இரண்டாவது அதற்கு விடை. முதற் கட்டுரை பத்திரிகை அலுவலகத்தில் கடிதங்கள் இடம் மாறிப்போனதால் 1966 வரையில் வெளிவரவில்லை. விடை 1964-இலேயே வேறொரு சிறு சஞ்சிகையில் ஆறே பக்கங்களில் அச்சாகிவிட்டது.

அந்த ஆறு பக்கங்களின் சாரத்தை, கிளாஸர் முதலிய நால்வர் 1969-இல் பரிசோதனைக்கு ஏற்றவாறு அமைத்த வடிவில் சொல்வேன். ஒரே மூலத்திலிருந்து இரு துகள்கள் எதிரெதிராகச் செல்கின்றன. இடப்புறத்துக் கருவியை இரண்டு நிலைகளில் ஒன்றில் வைக்கலாம். வலப்புறத்துக் கருவியையும் அவ்வாறே. எந்த நிலையிலும் விடை +1 அல்லது −1. ஒவ்வொரு துகளும் தன் விடைகளைப் புறப்படும்போதே கொண்டுசெல்கிறது, ஒரு புறத்துக் கருவியைத் திருப்புவது மறுபுறத்து விடையை மாற்றாது என்று வைத்துக்கொள்வோம். வலப்புறத்து இரு விடைகளும் ஒன்றேயாயின் அவற்றின் வித்தியாசம் சூனியம், கூட்டுத்தொகை இரண்டு. மாறுபட்டவையாயின் கூட்டுத்தொகை சூனியம், வித்தியாசம் இரண்டு. குறி மட்டுமே மாறலாம். இடப்புறத்து முதல் விடையால் கூட்டுத்தொகையையும், இரண்டாவது விடையால் வித்தியாசத்தையும் பெருக்கிச் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் +2 அல்லது −2 தான் கிடைக்கும்; ஆகையால் சராசரி இரண்டை மீற முடியாது. குவாண்டம் இயக்கவியலின் கணக்கோ, தக்க திசைகளைத் தேர்ந்தால், 2.83 வரையில் போகும் என்கிறது.

1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாஸரும், 1982-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள ஓர்ஸேயில் ஆஸ்பேயும் அவர் தோழர்களும், 2015-இல் டெல்ஃப்ட் நகரில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகிய இரு வைரத் துண்டுகளைக் கொண்டு பரிசோதித்தவர்களும் கண்ட முடிவு ஒன்றே: அந்த வரம்பை இயற்கை மீறுகிறது. இந்தப் பரிசோதனைகள் போமின் உரையே மெய்யுரை என்று நிலைநாட்டிவிடவில்லை; எவரெட் என்பவர் கண்ட மற்றோர் உரையைச் சார்ந்தவர்களும், கோபன்ஹேகன் வழியினரும் அதே எண்களையே எதிர்பார்த்தார்கள். ஆனால் எந்தக் குணத்தைக் காட்டி ஐன்ஸ்டைன் முதல் பலரும் போமின் சித்தாந்தத்தை ஒதுக்கினார்களோ, அது அந்தச் சித்தாந்தத்தின் சொந்தக் களங்கமன்று என்பது இவற்றால் விளங்கிற்று. உரைகளைப் பற்றிய வாதம் வீண் வாதம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வாதத்தை விடாப்பிடியாக நடத்தியவர்கள் மூலமாகவே இந்தப் பரிசோதனைகள் பிறந்தன என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிளாஸருக்கும் ஆஸ்பேக்கும், வியன்னாவின் ஸைலிங்கருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெல் 1990-இலும் போம் 1992-இலும் காலமாகிவிட்டிருந்தனர்.

க்ரேட்டெ ஹெர்மன், யுத்தம் முடிந்தபின் பிரேமனுக்குத் திரும்பி, ஆசிரியப் பயிற்சியிலும் கல்விச் சீர்திருத்தத்திலும் உழைத்து, 1984-இல் மறைந்தார். 1966-இல் வெளியான பெல்லின் கட்டுரையில் அவருடைய பெயர் இல்லை. அவர் முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியது பெல்லுக்குத் தெரியாது. 1974-இல் மாக்ஸ் யாமர் எழுதிய வரலாற்று நூல் வந்த பிறகே பௌதிகர்கள் அந்தப் பெயரை அறியலானார்கள். இந்த விஞ்ஞானத்தை நம் மாணவர்களுக்குத் தமிழில் எழுதப் போகிறவர்கள், வான் நாய்மன் நிரூபணத்தைக் குறிப்பிடும் பக்கத்திலேயே அந்த அம்மையாரின் 1935-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)